பெங்களூரு காக்கர் ஸ்பேனியல் கண்டனூருக்கு வருகிறது: வெயில், காது, ஊருணி பற்றி யோசனை சொல்லுங்கள்

கண்டனூர்க்காரர் · சனி, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். மகன் பெங்களூருவில் ஒரு இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல் வளர்க்கிறான். ஆண், இரண்டு வயது, பொன்னிறம், பேர் பிஸ்கட். மகனுக்கும் மருமகளுக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. நாயை வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லை. "அப்பச்சி, நீங்க வச்சுக்கிறீகளா?" என்று கேட்டான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் நான் (வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன்), வீட்டுக்காரி, எண்பதைத் தாண்டிய ஆத்தா. வீடு பழைய காலத்து வீடு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றக் கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு, அதற்கப்புறம் தோட்டம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஓட இடத்துக்குப் பஞ்சமே இல்லை, அதனால் உடற்பயிற்சி பற்றிக் கவலையில்லை.

மற்றபடி சில சந்தேகங்கள். சித்திரை வெயிலைத் தாங்குமா? முடியை ஒட்ட மழித்துவிடலாமா? காதுக்கு ஏதோ திரவம் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறான் மகன், அது அவசியந்தானா? வீட்டுச் சாப்பாடு போதுமா? தண்ணீர் என்றால் உயிராம், பக்கத்து ஊருணியில் நீந்த விடலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பள்ளத்தூர் ஆச்சி · சனி, காலை 8.25

வாங்க அண்ணே. எங்க வீட்ல ரொம்ப வருசமா ஸ்பேனியல்தான். முன்னாடி காக்கர் இருந்துச்சு, இப்ப ஸ்பிரிங்கர்.

நீங்க எதைக் கவலையில்லைன்னு தள்ளி வச்சீகளோ, எனக்கு அதுதான் கவலை. இடம் இருந்தா நாய் தானா ஓடிக்கும்னு நம்ம பக்கம் பெரிய வீட்டுக்காரக எல்லாரும் நெனைக்கிறாக. ஓடாது. வளவுல தனியா விட்டுப் பாருங்க, ரெண்டு சுத்து சுத்திட்டு நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு அடியில வந்து படுத்துக்கும். மனுசனோட சேர்ந்து வேலை பாக்கணும்னே உருவாக்கின இனம் இது. புதருக்குள்ள மூக்கை விட்டுப் பதுங்கியிருக்கிற பறவையைக் கிளப்பணும், சுட்டு விழுந்ததைப் பல்லு பதியாம கவ்விக் கொண்டாந்து எசமான் கையில கொடுக்கணும். காக்கர்ங்கிற பேரே வுட்காக்ங்கிற பறவையைக் கிளப்பினதால வந்தது. அந்த வேலையை நீங்க கொடுக்கலைன்னா அதுவா ஒரு வேலை தேடிக்கும். செருப்பு, தலகாணி, தேக்கு நிலைக்கதவோட கால், ஆத்தாவோட வெத்தலைப் பொட்டி.

இங்கிலாந்துல நாய் வம்சத்தைப் பதியிற கென்னல் கிளப், காக்கருக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல பயிற்சி வேணும்னு சொல்லுது. ஸ்பிரிங்கருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அதை மழை வெயில்னு பாக்காம வருசம் பூரா கொடுக்கணும். அதனால நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கூட்டிப் போறது யாரு, நீங்களா வீட்ல ஆச்சியா? அதை முடிவு பண்ணிட்டு வாங்க, மத்ததைப் பேசலாம்.

---

காரைக்குடி சுப்பு · சனி, காலை 8.31

ஊருணில மட்டும் எறக்கிறாதீக. ஊர்க்கூட்டம் போட்ருவாக.

---

சிங்கம்புணரி கன்னி · சனி, காலை 9.10

எனக்கு இந்த இழையே பிடிக்கலை. நம்ம வெயிலுக்கு நம்ம நாய்தான் சரி. கன்னி இருக்கு, சிப்பிப்பாறை இருக்கு, ராமநாதபுரம் மண்டை இருக்கு. ஒட்டின முடி, காத்தோட்டமான காது, ஒல்லி உடம்பு. காதுக்கு ஒரு மருந்து, முடிக்கு ஒரு சீப்புன்னு அலைய வேண்டியதில்லை. குளிர் தேசத்து நாயைக் கொண்டாந்து ஆத்தங்குடித் தரைக்கல்லுல படுக்கப் போட்டு மேல ஏசியை ஓட்டுறது அந்த ஜீவனுக்குச் செய்யிற பாவம். போதாக்குறைக்கு, காக்கருக்குத் திடீர்னு வெறி வந்து வீட்டு ஆளையே கடிக்கும்னும் கேள்விப்பட்டிருக்கேன். வீட்ல வயசானவக இருக்காக, யோசிச்சுக்குங்க.

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · சனி, காலை 10.02

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன், சொந்த ஊர் புதுவயல்.

சிங்கம்புணரி அண்ணே, புதுசா குட்டி வாங்கப் போகிறவரிடம் நீங்கள் இதைச் சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். இங்கே நாய் ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறது. அதை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

வெறி என்று சொன்னீர்கள். முன்னறிகுறி இல்லாமல் ஆவேசப்படுவது காக்கரில் பதிவாகியிருக்கிறது, அதுவும் கறுப்பு, பொன் என்று ஒற்றை நிறத்தில் இருப்பவற்றில் அதிகமாகப் பேசப்படுகிறது. ஆனால் மிகவும் அரிது. கடிக்கிறது என்று எங்களிடம் கூட்டிவரும் காக்கர்களுக்கு முதலில் நாங்கள் பார்ப்பது காதைத்தான். காது சீழ்பிடித்து வலியில் இருக்கும் நாயின் தலையைப் பாசமாகத் தடவினால் அது உறுமத்தான் செய்யும். சாப்பிடும்போது தட்டில் கை வைப்பது, தூங்கும்போது தூக்குவது இரண்டையும் வீட்டில் யாரும் செய்யாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது. ஆத்தாவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி வெயில். நாய்க்கு வியர்ப்பது கிட்டத்தட்ட பாதங்களில் மட்டும்தான். மற்றபடி உடம்புச் சூட்டை இறக்குவது மூச்சிரைப்பு. இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஸ்பேனியலிடம் உள்ள சிக்கல், களைத்துவிட்டேன் என்று தானாக நிற்காது. பந்தை எறிகிற வரைக்கும் ஓடும். நாம்தான் நிறுத்த வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி அகலமாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாவது, நடை தள்ளாடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மின்விசிறியைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பு கொஞ்சம் குளிர்ந்த பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அலறியடித்துக்கொண்டு அப்படியே காரில் தூக்கிப் போட்டு ஓட வேண்டாம்.

முடியை மழிக்க வேண்டாம். அது வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுக்கிறது. மெஷின் போட்டு ஒட்ட வழித்தால் திரும்ப வளரும்போது பஞ்சுமாதிரி வந்து சிக்குப் பிடிக்கும். வயிற்றுப் பக்கம், தொடை இடுக்கு, பாத விரல்களுக்கு நடுவே, காதுக்கு அடியில் மட்டும் குறைத்தால் போதும்.

---

கண்டனூர்க்காரர் · சனி, மாலை 4.15

இவ்வளவு பேர் எழுதியதற்கு நன்றி. வீட்டில் பேசினோம். காலை நடை நான். சாயங்காலம் வீட்டுக்காரி, அவளுக்கும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஆச்சி, ஒரு மணி நேரம் நடந்தால் போதுமா? எனக்கு முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும்.

---

பள்ளத்தூர் ஆச்சி · சனி, மாலை 6.50

முழங்காலுக்கு ஏத்த வேலை இருக்கு அண்ணே. ஸ்பேனியலைக் களைப்பாக்கணும்னா காலை விட மூக்கைத்தான் ஓட்டணும்.

நான் செய்யிறதைச் சொல்றேன். தீனியைத் தட்டுல போடுறது ஒரு வேளைதான். இன்னொரு வேளைத் தீனியைத் தோட்டத்துல புல்லுக்குள்ள விசிறி எறிஞ்சுட்டு "தேடு"ன்னு சொல்லிட்டு திண்ணையில உட்கார்ந்துருவேன். அது மூக்கைத் தரையை விட்டு எடுக்காம, வாலைப் பம்பரமா ஆட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாப் பொறுக்கும். அது முடிஞ்சதும் தண்ணியைக் குடிச்சுட்டுச் சாஞ்சு படுத்துரும். மழைக்காலத்துல இதையே வீட்டுக்குள்ள செய்யலாம். பழைய காலுறைக்குள்ள துணியை அடைச்சுக் கட்டி, அதை முதல்ல மோந்து பாக்க விட்டுட்டு, ரெண்டாங்கட்டுல எங்கயாவது ஒளிச்சு வைங்க. அண்டாவுக்குப் பின்னால, மாடிப்படிக்கு அடியில, நெல்லுக் குதிருக்குச் சந்துல. உங்க வீடு பெரிசா இருக்கிறது இதுக்குத்தான் பிரயோசனம்.

விசில் பழக்குங்க. ஒரு நீளமான ஊதல் உட்காரு, ரெண்டு சின்ன ஊதல் வா. கூப்பிட்டா வந்துதான் ஆகணும், அதுல விட்டுக்கொடுக்காதீக. ஏன்னா நம்ம ஊர்ல அவுத்துவிட்டா முதல்ல மயிலைத் துரத்தும், அடுத்து பக்கத்து வீட்டுக் கோழியை. மயிலு தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. கோழிக்குச் சட்டமெல்லாம் கிடையாது, ஆனா கோழிக்காரக வாய்க்கு முன்னாடி சட்டம் எம்மாத்திரம். கூப்பிட்டா வர்ற வரைக்கும் இலேசான நீளக் கயித்துல கட்டித்தான் விடணும். கயித்தைக் கழுத்துப் பட்டையில போடாம மாருப் பட்டையில போடுங்க.

இன்னொண்ணு, ஆத்தங்குடிக் கல்லு. வெயிலுக்கு நாய் வயித்தை ஒட்டிப் படுக்க அதைவிடச் சொகம் கிடையாது. ஆனா எண்ணெய் போட்டுத் துடைச்ச தரையில ஓடி வந்து திரும்புறப்ப நாலு காலும் நாலு பக்கம் போகும். இடுப்பு மூட்டுக்கு ரொம்பக் கெடுதல், ஸ்பேனியலுக்கு ஏற்கெனவே இடுப்பு மூட்டு விலகுற வம்சக் கோளாறு உண்டு. ஓடுற வழியில ஜமுக்காளமோ கோரைப்பாயோ விரிச்சுப் போடுங்க. பாதத்துக்கு அடியில மெத்து மெத்துன்னு இருக்கே, அதுக்கு நடுவுல வளர்ற முடியையும் வெட்டிவிடுங்க. முடி வளந்து மூடிட்டா பிடிமானமே இருக்காது.

---

புதுவயல் பையன் · சனி, இரவு 9.05

ஆச்சி, ஊருணி ஏன் கூடாது? எங்க ஊர்ல எருமையே எறங்குது.

---

காரைக்குடி சுப்பு · சனி, இரவு 9.20

எருமை எறங்குறது வேற ஊருணி தம்பி. குடிக்கிற தண்ணி எடுக்கிற ஊருணில மனுசன் கால் வச்சாலே கேள்வி கேப்பாக. படிக்கட்டு கட்டி, சுத்துச் சுவர் வச்சு, நூறு வருசமாக் காப்பாத்துற தண்ணி அது. நாயோட மேல ஒண்ணும் கோவம் கெடையாது.

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · சனி, இரவு 9.48

கண்மாயும் எல்லாக் காலத்துக்கும் ஆகாது. மழைக்குப் பிறகு தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் வரும், நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் வற்றி மேலே பச்சைப் படலம் கட்டினால் அதில் சில வகைப் பாசி நச்சு, நக்கினாலே கல்லீரலைத் தாக்கும். நீந்த ஆசை இருந்தால் தெரிந்தவர் வயலில் பம்புசெட் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடுகிற தண்ணீர், ஆழம் தெரியும், ஏறி வர வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் போனால் வேட்டங்குடி, கொல்லுகுடிப்பட்டிக் கண்மாய்களின் பக்கம் நாயை இறக்கவே வேண்டாம். 1977-ல் அறிவித்த பறவைகள் சரணாலயம் அது. பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள். பறவையைக் கிளப்புவதற்கென்றே பிறந்த நாயோடு அங்கே போய் நின்றால் நன்றாக இருக்காது.

---

தேவகோட்டை வாத்தியார் · ஞாயிறு, காலை 6.30

காது பற்றி யாரும் இன்னும் விவரமாகச் சொல்லவில்லையே. கடையில் விற்கும் திரவமெல்லாம் காசு பிடுங்கும் வேலை. தேங்காய் எண்ணெயில் இரண்டு பல் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறினதும் காதுக்கு இரண்டு சொட்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நாய்க்கும் இதுதான். ஒன்றுக்கும் காது நோவு வந்ததில்லை.

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · ஞாயிறு, காலை 7.15

ஐயா, உங்கள் வீட்டு நாய்களுக்குக் காது நிமிர்ந்திருக்குமா, தொங்குமா?

---

தேவகோட்டை வாத்தியார் · ஞாயிறு, காலை 7.22

நிமிர்ந்துதான் இருக்கும். நாட்டு நாய்.

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · ஞாயிறு, காலை 7.40

அதனால்தான் வரவில்லை ஐயா, எண்ணெயால் அல்ல. ஸ்பேனியலின் காது கனமான மடலால் எப்போதும் மூடியே கிடக்கிறது. உள்ளே சூடும் ஈரமும் சேர்ந்து ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகும். அதில் எண்ணெய் ஊற்றினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். செவிப்பறை கிழிந்திருந்தால் எதை ஊற்றினாலும் நடுக்காது வரை போய்ச் சேரும். பூண்டோ வெங்காயத்தின் பங்காளி, நாய்க்கு ஆகாது. வாடையோ வலியோ இருக்கும் காதில் டாக்டர் உள்ளே பார்த்துச் சொல்லும்வரை எதுவும் ஊற்றக் கூடாது. நல்ல காதைக் கழுவும் முறையை ஆச்சி சொல்லட்டும், அவர்கள் கைப்பழக்கம் என்னைவிட அதிகம்.

---

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு, காலை 9.30

வாரத்துக்கு ஒரு தடவை, அது போகக் குளிப்பாட்டினாலும் நீந்தினாலும் ஒரு தடவை.

மடலைத் தூக்கி முதல்ல மோந்து பாருங்க. நல்ல காதுல வாடையே இருக்கக் கூடாது. புளிச்ச வாடையும் பழுப்பு அழுக்கும் இருந்தா ஈஸ்ட். காப்பிப் பொடி மாதிரி கறுப்பாக் கொட்டினா காதுப் பூச்சி. மஞ்சளா ஒழுகினா சீழ். மூணுல எது இருந்தாலும் கழுவாம டாக்டர்ட்ட கூட்டிப் போங்க.

சுத்தமா இருந்தா, ஒரு ஆள் முன்னால உட்கார்ந்து தாடையைப் பிடிச்சுக்கணும். நாய்க்குன்னு விக்கிற காது கழுவுற திரவத்தை ஓட்டை ரொம்புற அளவுக்குத் தாராளமா ஊத்துங்க. பாட்டில் முனை காதுல படாம ஊத்தணும். அப்புறம் காதோட அடிப்பக்கம், தாடை எலும்புக்குப் பின்னால கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சுப் பிசைஞ்சு விடுங்க. உள்ள சளக் சளக்னு சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் மருந்து எறங்கியிருக்குன்னு அர்த்தம். பிசைஞ்சு முடிச்சுக் கையை எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க. தலையை உதறுற உதறுல சுவரு, வேட்டி, சட்டை எல்லாம் தெறிக்கும், அதனால இதை வளவுல வச்சுச் செய்யாம பின்கட்டுல செய்யுங்க. உதறி ஓய்ஞ்சதும் பஞ்சை விரல்ல சுத்தி, விரல் போற தூரம் மட்டும் துடைங்க. பட்ஸ் வேணவே வேணாம். நாய்க்குக் காதுவழி நேராப் போகாது, கீழ எறங்கி உள்பக்கமா மடங்கும், பட்ஸ் விட்டா அழுக்கை மூலையில கொண்டுபோய் அடைச்சுரும்.

ஓட்டைக்குக் கீழயும் மடலோட உள்பக்கமும் முடியை ஒட்ட வெட்டிருங்க, காத்துப் போகட்டும். சாப்பிடுறப்ப ரெண்டு காதும் சோத்துக்குள்ள கிடக்கும், அப்புறம் எறும்பு வரும். வாய் குறுகின, ஆழமான எவர்சில்வர் பாத்திரத்துல வச்சா காது வெளியில விழுந்துரும். அல்லாட்டிப் பழைய பனியன் கையை வெட்டித் தலையில மாட்டி விடலாம், சாப்பிட்டு முடிச்சதும் கழட்டிரணும். ஐப்பசி கார்த்திகை அடைமழைல இந்தக் காது விவகாரம் ரெட்டிப்பாகும்னு வச்சுக்குங்க.

---

கைமுறுக்கு · ஞாயிறு, காலை 11.00

சாப்பாடு பத்தி நான் சொல்றேன், விசேசத்துக்குச் சமைக்கிற ஆளு. எங்க வீட்டு நாய் கோழிக் குழம்பும் எலும்பும் சோறும் தின்னே வளர்ந்துச்சு. இந்த வெள்ளைக்காரத் தீனியெல்லாம் எதுக்கு?

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · ஞாயிறு, நண்பகல் 12.20

அண்ணே, உங்கள் கைக் குழம்பு எனக்கு வேண்டும், பிஸ்கட்டுக்கு வேண்டாம். நம் குழம்பில் முதலில் விழுவது சின்ன வெங்காயம். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே நாயின் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். காக்கர் ஆண் 13 முதல் 14.5 கிலோ இருக்கும். கணக்குப் போட்டால் கால் கிலோ வெங்காயத்தைத் தொட வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு சட்டிக் குழம்புக்கே அது போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் போனாலும் சேதம் சேரும். வதக்கினாலும் வேகவைத்தாலும் நச்சு போகாது. அறிகுறி உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறமாகும்.

பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடும் என்று நாய்க்கு நாய் மாறும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று 2021-ல் அமெரிக்க விலங்கு நச்சுயியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். ஆக வெங்காயம், பூண்டு, புளி மூன்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் தட்டுக்குப் போகக் கூடாது. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, பரங்கிக்காய், கேரட், கொஞ்சம் சோறு, தயிர் கொடுக்கலாம். ஆனால் அதை மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது. பெங்களூருவில் தின்ற தீனியையே அடிப்படையாக வைத்து இதை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். நொறுக்குத் தீனி அன்றைய மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஸ்பேனியல் கண்ணைப் பார்த்துக் கேட்டே வாங்கித் தின்னும், சீக்கிரம் குண்டாகும். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.

---

கைமுறுக்கு · ஞாயிறு, நண்பகல் 12.41

புளியுமா! சரி தம்பி, தயிர்ச்சோறு போட்டுக்கிறோம்.

---

வளவு வாசி · ஞாயிறு, மாலை 5.10

உண்ணியை எல்லாரும் விட்டுட்டீங்க. பழைய வீட்டுக்கு முதல் எதிரி அதுதான். நாய்மேல இருந்து ரத்தம் குடிச்சு முடிச்ச பொட்டை உண்ணி கீழ விழுந்து, சுவரு ஏறி, உத்தரத்துச் சந்துலயும் காரை வெடிப்புலயும் ஆயிரக்கணக்குல முட்டை போடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது. நாய் படுக்கிற இடம், அதைச் சுத்தியிருக்கிற வெடிப்பு, கட்டில் காலு எல்லாத்துக்கும் பாக்கணும். எங்க வளவுல பங்காளி வீட்டுப் பக்கம் பூட்டியே கிடக்கும். எங்க பக்கம் சுத்தம் பண்ணப் பண்ண அந்தப் பக்கத்துலேருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசில மலேசியாவுல இருக்கிற பெரியப்பச்சிக்குப் போன் போட்டுச் சாவி வாங்கித் திறந்து மருந்தடிச்சோம்.

ஸ்பேனியல் முடிக்குள்ள உண்ணி இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தடவித்தான் பாக்கணும். காது மடல் மடிப்பு, கக்கம், கால் விரல் நடுவு, வாலுக்கு அடியில.

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · ஞாயிறு, மாலை 6.00

சரியாகச் சொன்னீர்கள். சாப்பாட்டில் நாட்டமில்லை, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தம் பார்த்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலில் எர்லிக்கியா வகைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுப்பது வழக்கம். பாதியில் தேறிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். பபேசியா வகைக்கு மருந்தே வேறு, ஆகவே பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையும் கூடாது. இபுபுரூபன் நாய்க்கு இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

---

நெறியாளர் · ஞாயிறு, மாலை 6.08

மருந்தின் அளவை இங்கே யாரும் எழுத வேண்டாம். அது டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டியது.

---

சிங்கம்புணரி கன்னி · ஞாயிறு, இரவு 8.30

நான் எதிர்க்கட்சிதான், இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். எங்க காட்டுப் பக்கம் முடி நாய்க்குப் பெரிய கண்டம் ஊசிப்புல்லு. விதை ஈட்டி மாதிரி, ஒரே தெசையில முன்னாடி போகுமே தவிர பின்னாடி வராது. விரலுக்கு நடுவுல குத்தி உள்ள ஏறிரும், காதுக்குள்ளயும் போகும். நடந்துட்டு வந்த நாய் திடீர்னு ஒரு பக்கமாத் தலையைச் சாய்ச்சு உதறிக்கிட்டே இருந்தா காதுக்குள்ள புல்லு போயிருச்சுன்னு அர்த்தம், நீங்களா நோண்டாதீங்க. நெருஞ்சியும் நாயுருவியும் முடியில ஒட்டிக்கும், சீப்பு வச்சு எடுத்துரலாம். மூக்கை விட்டு நோண்டுற நாயைப் பொழுது சாஞ்ச பிறகு புதருக்குள்ள விடாதீங்க. விரியன் நடமாடுற நேரம்.

---

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு, இரவு 8.44

கன்னி தம்பி, கட்சி மாறுறீகளே!

---

சிங்கம்புணரி கன்னி · ஞாயிறு, இரவு 8.46

கட்சியெல்லாம் மாறலை ஆச்சி. நாய் வந்துருச்சுன்னா நாய்தானே.

---

செக்காலை வீதி · திங்கள், காலை 10.15

இழையைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு காக்கர் குட்டி வாங்கலாமா? ஆன்லைனில் நிறையப் பேர் விற்கிறார்கள்.

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · திங்கள், காலை 11.30

இவ்வளவையும் படித்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017 மத்திய அரசு விதி சொல்கிறது. படம் பார்த்து வாங்காமல் நேரில் போய்த் தாயைப் பாருங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. காக்கரில் விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் பரம்பரை நோய் உண்டு, இளம் வயதிலேயே சிறுநீரகம் கெடும் பரம்பரை நோயும் உண்டு. இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

---

கண்டனூர்க்காரர் · திங்கள், இரவு 7.00

எல்லாருக்கும் நன்றி. அடுத்த சந்தேகம், எப்படிக் கூட்டி வருவது? மகன் சித்திரையில் கிளம்புகிறான். ரயிலில் போடலாமா?

---

காரைக்குடி சுப்பு · திங்கள், இரவு 7.25

ரயில்ல முதல் வகுப்பு ஏசில கூபே முழுசா எடுத்தாத்தான் கூட வச்சுக்க விடுவாக. இல்லைன்னா கார்டு பெட்டியில இருக்கிற கூண்டுல போடணும், கோடையில அது அடுப்பு. கார்ல ராத்திரி கெளம்புங்க. ஓசூர், சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியா வந்தா விடியறப்ப திருமயத்துல டீ குடிக்கலாம்.

---

பள்ளத்தூர் ஆச்சி · திங்கள், இரவு 8.10

சித்திரையில வேணாம் அண்ணே. பெங்களூரு குளுமையிலேருந்து நேரா நம்ம அக்கினியில தூக்கிப் போட்டா தாங்காது. உடம்பு வெயிலுக்குப் பழக வாரக் கணக்குல ஆகும். மகன் கெளம்புறதுக்கு முன்னாடி, மார்கழி தையிலயே கொண்டாந்துருங்க. பனியோட வந்து இறங்கினா மாசி பங்குனில கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கும். மகனும் கூட ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும். இது ஒரு ஆளையே ஒட்டிக்கிட்டுத் திரியிற சாதி, திடீர்னு ஆளைக் காணோம்னா சோறு திங்காம வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கும்.

---

கண்டனூர்க்காரர் · தை மாதம், காலை 10.20

பிஸ்கட் வந்து சேர்ந்துவிட்டான். மகன் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். இரண்டு நாள் முகப்பிலேயே படுத்துக் கிடந்தவன், மூன்றாம் நாள் ஆத்தா வெற்றிலை இடிக்கும் சத்தத்துக்கு எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது ஆத்தாவின் ஆள் ஆகிவிட்டான், நடைக்கு மட்டும் நான்.

ஜமுக்காளம் போட்டாயிற்று. முதல் நாள் வளவில் மைனாவைப் பார்த்துப் பாய்ந்து, வழுக்கிக்கொண்டே போய்த் தூணில் முட்டி நின்றான், அடியொன்றும் இல்லை. மயில் இரண்டு முறை கிளம்பியது. விசிலுக்கு உட்காருகிறான், மயில் இருந்தால் உட்கார மாட்டேன் என்கிறான். காது சளக் சளக் கேட்கிறது ஆச்சி, சட்டை நனைவதும் சொன்னபடியே.

இரண்டு கேள்வி. முடி வெட்ட இங்கே ஆள் இல்லை, என்ன கத்திரி வாங்கட்டும்? வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு நானும் வீட்டுக்காரியும் வெளியூர் போக வேண்டும், ஆத்தாவை அக்கா வீட்டில் விடுகிறோம். இவனை எங்கே விடுவது?

---

மாட்டு டாக்டர் (இன்னும் ஆகவில்லை) · தை மாதம், நண்பகல் 1.05

தின்னிங் கத்திரி என்று கேளுங்கள், ஒரு பக்க அலகு சீப்புப் பல்லாக இருக்கும். காது, கழுத்து முடியைக் குறைக்க அது. விரல் நடுவுக்கு முனை மழுங்கின சின்னக் கத்திரி. தினமும் ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் வைத்தது) போட்டு, அதன் பின்னால் இரும்புச் சீப்பு ஓட வேண்டும். சீப்பு தடையில்லாமல் வேர் வரைக்கும் போனால்தான் சிக்கு இல்லை. காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும்தான் முதலில் முடிச்சு விழும். முடிச்சைத் தண்ணீர் படுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள், நனைந்தால் இறுகிவிடும்.

---

பள்ளத்தூர் ஆச்சி · தை மாதம், மாலை 4.30

வைகாசிக்கு இங்க கொண்டாந்து விடுங்க அண்ணே, எங்க ஸ்பிரிங்கருக்கும் துணையாச்சு. ஆனா எங்க வீட்ல கோழி இருக்கு. மாசியில ஒரு நாள் கயித்தோட கூட்டியாங்க, கோழியப் பாத்து என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்றேன். வர்றப்ப அவன் தின்ற தீனியும் தடுப்பூசி அட்டையும் எடுத்தாங்க.